இரண்டாவதாக அச்சான பெயர்

டொரண்டோவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

வளரும் நாட்டிலேயே இருந்து ஆராய்பவர்களுக்கான கணித விருது எனக்கு வந்ததும் மெயில் போட்டிருக்கிறீர்கள், ஏழு மாதமாக என் போனைக்கூட எடுக்காமல் இருந்துவிட்டு. மேடையில் 'இருவர் உழைப்பு' என்று நான் சொல்ல வேண்டுமாம். சொல்ல மாட்டேன்.

விருது வாங்கித் தந்த நிரூபணம் பாலக்கோடு பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில் நான் கண்டது. நீங்கள் தட்டச்சு செய்தீர்கள். மாரண்டஹள்ளிக் கல்யாணத்தில் உங்கள் அப்பா, "எம் பையன் போட்ட கணக்குங்க, இவ பேரையும் சேத்து வுட்டிருக்கான்" என்று பெருமையடித்தபோது பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். கணிதக் கட்டுரையில் பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில்தான் வரும், மாதேஸ்வரனுக்குப் பிறகுதான் வெண்மதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

நேற்று உங்கள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப அவன் என்னதாம்மா செஞ்சான்?" என்று கேட்டார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நானில்லை. இன்று சாயங்காலம் கூப்பிடுவார். அவர் போனையாவது எடுங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் பின்னால் நின்றவள்