அப்பா நடக்காத நடை

என் அன்பு வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித்தான் எனக்குக் கை பழக்கம், இன்றைக்கு அதில் பாதிதான் எழுத வருகிறது. நான் நலம்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். நடையை எண்ணும் கடிகாரம் ஒன்றை அப்பாவுக்கு அனுப்பினாயே, அது ஒரு வாரம்கூட அவர் கையில் இல்லை. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக மாடியேறி கரண்ட் மீட்டர் பார்த்த மனுஷன், வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததும், இந்த ஜென்மத்துக்கு நடந்தாச்சு, இனிமே நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார். தினம் அரை மணி நடங்க, உடம்பு அசைஞ்சாத்தான் மூளைக்கு ரத்தம் நல்லா ஓடும், மனசும் லேசாகும், மறதியும் கொஞ்சம் தள்ளிப் போகும் என்று டாக்டர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நீயோ கடிகாரம் உன் போனுக்கு அனுப்பும் கணக்கில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல்கூட எனக்குப் போன் செய்தாய். பொறுக்காமல் கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டேன். மொட்டை மாடியில் காலையும் மாலையும் நடந்தேன், நாலாயிரம், ஐயாயிரம். அப்பா கலக்குறார் என்று நீ செய்தி அனுப்பினாய்.

இதில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. நீ போனபிறகு எதிலும் பிடிப்பில்லாமல், பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே அழுதுகொண்டு நிற்பேன், அது உனக்குத் தெரியாது. நடக்க ஆரம்பித்து மூன்று வாரத்தில் அது விட்டுப்போனது. தூக்கம் வந்தது, எதிர்வீட்டுத் தையல்காரியோடு சிரித்துப் பேச வந்தது. அவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை நான் தின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. அப்பாதான் நல்லா நடக்கிறாரே, அவசரமில்லை என்று நீ வருவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, என்னைத் திட்டு.

போன செவ்வாய்க்கிழமை கீழே குப்பை போடப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. தேடிப் போனேன். படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் பலகை முன்னால் நின்று, ஒவ்வொரு வீட்டு மீட்டர் எண்ணையும் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார், ஒன்றுகூடத் தப்பில்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, நீங்க எந்த வீடும்மா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார், கேட்டதுதான் அவருக்கு நினைவில்லை. டாக்டரிடம் கடிகாரக் கதை முழுக்கச் சொன்னேன். முன்னாடியே நடந்திருந்தாலும் இது வந்திருக்கலாம், யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது, இப்பவாவது ஆரம்பிங்க என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

முடிந்தால் இந்த வருஷமே வந்துவிடு, அவர் உன்னை அடையாளம் கண்டு சிரிக்கும்போதே வா. நாள் முழுக்க நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு வேலை பார்க்காதே, பிடிவாதத்தில் நீ அவர் மகள்தான். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு.

சொல்ல மறந்துவிட்டேன், இன்று காலை கடிகாரத்தை அவர் கையில் கட்டிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பினார். இனி உன் போனில் எண் ரொம்பச் சின்னதாகத் தெரியும், பயப்படாதே. அது அப்பாவுடையது.

இப்படிக்கு,
உன் அம்மா