தெருநீளம் சொன்னது

என்னங்க,

சோறு அடுப்பிலேயே இருக்கிறது, சூடாக்கிக்கொள்ளுங்கள். பின்னறைக் கட்டிலில் குவித்து வைத்திருக்கும் உங்கள் பழைய பேப்பர்களை இன்றைக்காவது அப்புறப்படுத்துங்கள்.

நேற்றிலிருந்து ஏன் பேசவில்லை என்று குடைகிறீர்களே, சைக்கிளிலிருந்து விழுந்த கோபமில்லை. "பிடிச்சிருக்கேன், நீ முன்னால பாரு!" என்றீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் சைக்கிள் பழகுகிறவள் திரும்பியா பார்ப்பாள்? பின்னால் ஓடி வருகிறீர்கள் என்று நம்பி, முகம் பார்த்துச் சொல்ல வராததைத் தெருநீளம் சொல்லிக்கொண்டே போனேன். தையற்கடைக்காரர் தலையை நீட்டி, "யாருகிட்டம்மா பேசிட்டுப் போறீங்க?" என்றார். திரும்பினால் நீங்கள் தெருமுனையில் நின்று கைதட்டுகிறீர்கள்! நான் வியாபாரி வீட்டுப் பெண். வாங்க ஆளில்லாத இடத்தில் சரக்கை விரித்தது அதுதான் முதல் தடவை.

சொன்னது இதுதான்: "உங்க அக்கா தனியா கெடக்க வேணாம், நம்மகூட வந்து இருக்கட்டும்." ஒரு வாரம் வேண்டாமென்று நின்ற வாய்க்கு அதை இரண்டாம் முறை சொல்ல வராது. சந்தேகமிருந்தால் தையற்காரரைக் கேளுங்கள்.

அண்ணியை அழைத்துவரத்தான் இப்போது கிளம்புகிறேன். பஸ்ஸில்தான், பயப்படாதீர்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: காலையில் போன் பண்ணியதும் அண்ணி, "தம்பிதானே தனக்குத் தோதுப்படாதுன்னான், இப்ப மனசு மாறிட்டானா?" என்கிறார். என் பெயரே அடிபடவில்லை. பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டுக்கொண்டு, வாரம் முழுக்க என்னிடம் திட்டும் வாங்கியிருக்கிறீர்கள். வந்ததும் நானே முதலில் பேசுகிறேன். நல்ல மனுஷர் என்று மட்டும் என் வாயால் எதிர்பார்க்காதீர்கள்.