கேட்கீப்பர் ஐயாவுக்குக் கட்டு அவிழ்த்த கதை

விழுப்புரம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் ரிமோட்டுக்குச் சண்டை போடும் அளவுக்கு நல்ல சுகம். ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே தெம்பாக இருக்க வேண்டும். வாய்ஸ் மெசேஜ் போட்டால் டபுள் ஸ்பீடில் ஓட்டிவிட்டு ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுவாய், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். நிதானமாகப் படி, அம்மா ஒரு பெரிய வேலை செய்திருக்கிறேன்!

நான் வேலை பார்க்கும் திண்டிவனம் முதியோர் இல்லத்தில் கோதண்டபாணி ஐயா என்று ஒருவர், ரயில்வே கேட்கீப்பராக இருந்தவர், இப்போது மறதி நோய். பகலில் திடீர் திடீரென்று எழுந்து ஓடப் பார்ப்பார், விழுவார். இரண்டு முறை விழுந்ததும் அவர் மகன் ஜெகதீசன் போனில், "எங்கப்பாவ கட்டியே வைங்க, இடுப்பு ஒடஞ்சா யாரு பாக்குறது" என்று சொல்லிவிட்டார். பழைய வேட்டியைக் கிழித்து நாற்காலியோடு கட்டினோம், நானும்தான் கட்டினேன். பத்து நாள் முன்பு கட்டோடு இழுத்து, நாற்காலியும் அவருமாகச் சாய்ந்து நெற்றியில் மூன்று தையல். நான் விடாமல் பார்க்கும் நர்சக்கா யூடியூப் சேனல் இருக்கிறதே, என் கமெண்டுக்கு ஹார்ட் கூடப் போட்டாரே, அவர் அன்றைக்குப் பார்த்து ஒரு வீடியோவில் சொல்கிறார், கட்டினால் அடி குறையாது, கூடத்தான் செய்யும், எதற்காக எழுகிறார் என்று முதலில் கேளுங்கள் என்று. மறுநாளே கேட்டேன். "வண்டி வருதும்மா, கேட்டு போடணும். என்னக் கட்டிப் போட்டுக்கினு வேடிக்கை பாக்குறீங்களே, ஜனங்க அடிபட்டா யாரு பதில் சொல்றது" என்றார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இல்லத்துக்குப் பின்னாலேயே தண்டவாளம், ஹார்ன் கேட்டால்தான் எழுகிறார், இத்தனை நாளும் ஒருவருக்கும் உறைக்கவில்லை!

கட்டை அவிழ்த்துவிடலாம் என்று மேனேஜர் நெடுஞ்செழியன் சாரிடம் போய் நின்றேன். "ஒரு வாரம் டைம் தர்றேன் அம்சா, ஒருவாட்டி விழுந்தாலும் மறுபடி கட்டுதான்" என்றார். தினமும் ரயிலில் போய்வருகிறவள் நான், வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் கையிலேயே இருக்கிறது. ஐந்து நிமிடம் முன்பே, "வாங்க ஐயா, கேட்டு போடலாம்" என்று கையைப் பிடித்து மெதுவாக இல்லத்து வாசல் கேட்டுக்கு நடத்திப் போவேன். சாத்துவார், வண்டி போனதும் திறப்பார், வந்து உட்கார்ந்து நிம்மதியாகக் காப்பி குடிப்பார். அவசரமே இல்லை, அதனால் விழவும் இல்லை. சமையல் கெங்கம்மாள் அக்கா, "இன்னாடி, உனக்கும் ரயில்வேல வேலை கெடச்சிடுச்சா" என்று ஒரே கிண்டல்.

நேற்று ஏழாவது நாள், உடம்பில் புதிதாக ஒரு கீறல் இல்லை! அப்போது பார்த்து ஜெகதீசன் பைக்கில் வந்தார், அப்பா கட்டில்லாமல் நிற்பதைப் பார்த்ததும் கத்த வாயெடுத்தார். ஐயா அவர் முகத்துக்கு நேராகக் கேட்டைச் சாத்தி, "வண்டி வருது, எறங்கி நில்லு. இன்னா அவ்ளோ ஜல்தி, ஊட்ல புள்ளைங்க இல்ல உனக்கு?" என்று ஒரு அதட்டல் போட்டார். மனிதர் பைக்கை ஆஃப் செய்துவிட்டு வெயிலில் அப்படியே நின்றார். ரயில் போனது. ஐயா திறந்து, "இப்ப போ" என்றார். ஜெகதீசன் போகவில்லை, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வண்டி எப்பக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

நீயும் அங்கே பெரியவர்களைப் பார்க்கிற வேலைதான் படிக்கிறாய், உன் கை பட்டவர்கள் எல்லோரும் உன்னை வாழ்த்தட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். வேர்க்கடலை வறுத்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிடித்த மல்லாட்டை உருண்டை பார்சல் அனுப்பியிருக்கிறேன், தனியாகத் தின்னாதே. சாக்ஸ் போடாமல் வெளியே போகாதே.

உன்னை நினைத்துக்கினே இருக்கும் அம்மா,
அம்சா அந்தோணிசாமி