சுவருக்கு எடுத்த ஆலாத்தி

இல்லை சம்பந்தி, நீலத்தை அள்ளிக் கொட்டியது நானில்லை. உங்கள் மகள்தான். சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிய ஒரு சொட்டு நீலம் போதும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவள் பாதிப் போத்தலைக் கவிழ்த்துவிட்டாள். சுவர் இப்போது நீலம் கூடிப்போன பள்ளிக்கூடச் சட்டை மாதிரி இருக்கிறது. குறை சொல்வதானால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் செத்துப்போன மனுஷன் என்பதற்காக எல்லாப் பழியையும் என் தலையில் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

வாளியில் சுண்ணாம்பு கொதித்து அடங்கி, அந்த ஈர வாசனை எழும்பியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். வந்த உடனே சண்டை. நீங்கள் இருந்த அறைக்கு, உங்கள் காம்பராவுக்கு, இன்றைக்குத் திரும்பவும் வெள்ளையடிக்கிறோம். நம் பேத்திக்குப் பெரிய சோதனை வருகிறது, இருந்து படிக்க ஒரு இடம் வேண்டும். உங்கள் மகள், என் மருமகள் புஷ்பா, போனைப் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறாள். போனில் ஒருத்தி பழைய சேலையில் திரை தைக்கிறாள், தயிர்ச்சட்டியில் பூச்செடி வைக்கிறாள்.

"பாருங்க மாமா, செலவே இல்லாம எவ்வளவு ஷோக்கா செய்றாங்க!"

"இதெல்லாம் நானும் ஒங்கப்பாவும் செஞ்சு முடிச்சு எவ்வளவோ காலம் ஆச்சு. எங்களுக்குப் போன் புடிக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

நீங்கள் வருவதற்கு முன்னால் அந்தக் காம்பரா விறகு போடும் இடம். புகையும் எலியும் பிடித்து, சுவரெல்லாம் சோற்றுப் பானையின் அடி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், உங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்தது நீங்கள் வந்த வருஷத்து மழையில்தான். கிராம சேவக அதிகாரி மாத்தயா வந்து எல்லாரையும் இறங்கச் சொன்னார். மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் பள்ளிக்கூடத்தில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, அதில் படுத்து இருமிக்கொண்டிருந்தீர்கள். என் மகன் போய்க் கூப்பிட்டான். புஷ்பா போய் அழுதாள்.

"பொண்ணு குடுத்த வீட்ல அப்பன் போயி படுத்துக் கெடந்தா, நாளைக்கி கோயில் கூட்டத்துல மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்றீர்கள்.

பெண் கொடுத்த வீட்டுக்கு வந்தால் ஒரு தேத்தண்ணி, மிஞ்சினால் ஒரு வேளைச் சோறு, பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அது உங்கள் சட்டம். இருமலுக்குத்தான் சட்டம் தெரியவில்லை, அது பாட்டுக்கு நெஞ்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

புஷ்பா என்னிடம் வந்தாள். "மாமா, எங்கப்பா அங்கயே கெடந்தா செத்துருவாரு. நீங்க ஒங்க வாய வச்சி எதாச்சும் செய்யக்கூடாதா?"

என் வாயை ஒரு ஆள் நம்பியது அதுதான் முதல் தடவை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்.

"சம்பந்தி, விறகுக் காம்பராவ பேத்தி படிக்கிறதுக்குச் சரிப்பண்ணணும். எனக்குச் சுண்ணாம்பு அடிக்க வராது."

"ஒங்களுக்கு என்னதான் வரும்?"

"ரப்பர் பால் வெட்ட வரும். சண்ட போட வரும்."

"ரெண்டாவது ஊருக்கே தெரியும். ஒரு மேசன் பாஸ புடிச்சி வேலைய குடுங்க."

"பாஸுக்குக் குடுக்கச் சல்லி எங்க இருக்கு? நீங்க வந்தா சோறு மட்டுந்தான் கூலி."

"கூலிக்கு வந்தவன் சோறு திங்கலாம்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு எழுந்தீர்கள். விருந்தாளியாக ஒரு வேளைக்கு மேல் சாப்பிடாத மனுஷன், வேலையாளாக வாசல் இஸ்தோப்பில் குந்தி மூன்று வேளையும் சாப்பிட்டீர்கள். புஷ்பா கூடுதலாக ஒரு கரண்டி போட்டால், "கூலிக்கு இவ்வளவு போட்டா ஒங்க மாமனாருக்குக் கட்டாது" என்று தட்டைப் பின்னுக்கு இழுத்தீர்கள்.

தேங்காய்ப் பொச்சு நாரும் சவர்க்காரத் தூளும் போட்டுக் கரியைத் தேய்த்தோம். உங்களுக்கு மஞ்சள் நிறம் வேண்டும். பெண்பிள்ளை இருந்து படிக்கிற இடம் மங்களமாக இருக்க வேண்டுமாம். சாயம் வாங்குவதானால் தெரணியகலை டவுனுக்குப் போக வேண்டும், வழியில் மண் சரிந்து பஸ் இல்லை. நான் அடுப்படிக்குள் போனேன். புஷ்பா டப்பாவில் பொத்திப் பொத்தி வைத்திருந்த மஞ்சள் தூளைக் கொண்டுவந்து சுண்ணாம்பு வாளியில் கொட்டிக் கலக்கினேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் ஆட்களில் நண்டு சிண்டுக்கும் தெரியும். எத்தனை கல்யாண வாசலில் பார்த்திருக்கிறேன். தட்டில் நடப்பது வாளியிலும் நடக்கும் என்பது மட்டும் அந்த நேரம் என் மண்டைக்கு ஏறவில்லை. வாளி முழுக்க ரத்தச் சிவப்பு.

எட்டிப் பார்த்தீர்கள். "யாருக்கு சம்பந்தி ஆலாத்தி எடுக்கப் போறீங்க?"

"காஞ்சா மஞ்சளாயிரும்."

"ஆமா, நாமளும் காஞ்சா கொமரனாயிருவோம்."

சத்தம் கேட்டு வந்த புஷ்பா வாளியைப் பார்த்தாள். காலி டப்பாவைப் பார்த்தாள். "மஞ்சள் விக்கிற வெலையில! ரெண்டு பேரையும் விறகோட சேத்து அடுக்கணும்" என்றாள். அந்த மழைக்காலத்தில் நீங்கள் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பவும் சிரிப்பானது. கொட்ட மனமில்லாமல் அந்தச் சிவப்பை வாசலுக்கு நேரான சுவரில் பூசினோம். ஒரு ஆள் புதிதாக வீட்டுக்குள் வந்தால் ஆலாத்தி எடுத்துத்தான் கூட்டிப் போவார்கள். அது என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் கிளம்பிவிடுவீர்கள் என்று விழுங்கினேன்.

நாள் போகப்போகச் சிவப்பு இறங்கி, சுவர் திட்டுத் திட்டாக மஞ்சளானது. "நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டேன். "நான் கேட்ட கலரு" என்று நீங்கள் அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

வேலை முடிந்தால் ஒரேயடியாகப் பெஞ்சுக்குத் திரும்பிவிடுவீர்கள் என்று எனக்குப் பயம். அதனால் வேலையை வளர்த்துக்கொண்டே போனேன். ஜன்னலுக்குத் திரை வேண்டாமா என்றேன். புஷ்பாவின் பழைய சேலையைக் கிழித்து, கரை கீழே தொங்குகிற மாதிரி நீங்களே தைத்தீர்கள். திரை முடிந்ததும், புத்தகம் வைக்கப் பலகை வேண்டும் என்றேன். ஸ்டோரில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டியை உடைத்து அடித்தோம். பலகை கொஞ்சம் சாய்வு. நீங்கள் என் கண் சாய்வு என்றீர்கள், நான் உங்கள் ஆணி சாய்வு என்றேன். பிறகு தயிர்ச்சட்டிகளைக் கழுவி, கதவுக்கு அடித்த மிச்ச வர்ணத்தைப் பூசி, செடி நட்டோம்.

பக்கத்து சோமா அக்கா தலையை நீட்டிப் பார்த்தாள். "ஷா, ஹரி லஸ்ஸனய்! மகுல் காமரயக் வகே" என்றாள். சிங்களத்தில் சொன்னாள், அழகாக, கல்யாண அறை மாதிரி இருக்கிறதாம். "மாப்பிள்ள இந்தா நிக்கிறாரு, பொண்ணுதான் தேடணும்" என்று உங்களைக் காட்டினேன். வர்ணப் பிரஷால் என் முதுகில் ஒரு இழுப்பு இழுத்தீர்கள். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது, கறையும் போகவில்லை.

அதுவரை ராத்திரிப் படுக்கை பள்ளிக்கூடப் பெஞ்சில்தான். ஒரு பொழுது சாய மழை பிடித்துக்கொண்டது. "ஈரச் சொவத்துல பூனை ஏறிக் கெடுத்துரும். நான் காவலுக்குப் படுக்கிறேன்" என்று சாக்கை விரித்தீர்கள். இந்த லயத்தில் சுவர் ஏறுகிற பூனையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் பூனைக்குக் காவல்தான். கடைசியில் நல்லபடியாக முடிந்த ஒரு சுவரை நீங்களே கரண்டியால் சுரண்டி, "இது சரியா புடிக்கல, திரும்ப அடிக்கணும்" என்றீர்கள். வேலையை இழுப்பது நான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இன்றைக்கு அந்த மஞ்சள் சுவருக்கு முன்னால் வந்ததும் புஷ்பா பிரஷை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணி எடுக்கப் போய்விட்டாள். குடம் நிறைந்துதான் இருந்தது. நான் பூசினேன். நீலத்துக்கு அடியிலிருந்து மஞ்சள் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது பூச்சு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மட்டமான வேலை என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. காம்பரா வேலை முடிந்த அன்றைக்கு நான் பேச ஆரம்பித்த பேச்சின் மிச்சம் இன்னும் என்னிடமே இருக்கிறது. யாரிடமும் சொல்லி முடிக்க முடியாது, அது உங்களுக்கென்றே சேர்த்த பேச்சு.

மழை ஓய்ந்து வெயில் வந்த காலை அது. மேல்கணக்கு லயத்துக்கு இனி ஆபத்தில்லை, விருப்பமானவர்கள் திரும்பலாம் என்று மாத்தயா சொல்லிவிட்டார். காம்பராவில் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை, எனக்கும் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் குளித்து, தலை சீவி, இஸ்தோப்பில் வந்து நின்றீர்கள். புஷ்பா உள்ளே ஒரு மூலையைக் காட்டி, "அப்பா, இந்த எடத்துல சாமி படம் வச்சா நல்லா இருக்குமில்ல?" என்று கேட்டாள்.

"சாமி மேல்கணக்குலதான் இருக்கு. வீடு எங்கயோ, சாமி அங்கதானே இருக்கும்."

நம் ஆட்கள் லயம் மாறினால் சட்டி பானைக்கு முன்னால் சாமி படத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அது இறங்கி வரவில்லை என்றால் நீங்களும் வரவில்லை என்றுதான் அர்த்தம். புஷ்பா அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் பலமாகக் கேட்டது. அப்போது ஆரம்பித்தேன்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசக்கூடாது. இந்தக் காம்பரா பேத்திக்கு இல்ல. மொத நாள்லருந்தே இல்ல. பொண்ணு குடுத்த வீடு, பொண்ணு குடுத்த வீடுங்கிறீங்களே, கரிய தேச்சது யாரு? தெரைய தச்சது யாரு? கோயில்ல எவனாச்சும் கேட்டா, அந்தக் கெழவன் என் காம்பராவுக்குப் பக்கத்துல குடியிருக்கான்னு சொல்லுங்க, நான் கோவிச்சிக்க மாட்டேன். எனக்கும் இந்த வீட்ல சண்ட போட ஒரு ஆள் வேணும் சம்பந்தி. பகல்ல எல்லாரும் வேலைக்குப் போனப்பறம் நான் தனியா…"

நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிவிட்டீர்கள்.

"எங்க போறீங்க? நான் இன்னும் பேசி முடிக்கல!"

திரும்பிப் பார்க்காமல் ஏற்றத்தில் நடந்துகொண்டே கத்தினீர்கள். "ஒங்க பேச்சு முடியிற வரைக்கும் நின்னா மழ புடிச்சிக்கிரும். சாமி படத்த நனையாமக் கொண்டாரணும்."