பளிச்சென்று கழுவிய ஸ்பாஞ்சு

ஜூன் 2, திங்கள்

இன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு, விருத்தாசலத்துச் சரித்திரத்திலேயே முதல் முறையாக, ஒரு சமுத்திரம் ஆட்டோவில் ஏறி எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. நீளம் இரண்டடி. உள்ளே ஆறு கப்பி மீன்கள். மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் கோதண்டபாணியாகிய நான். வயது ஐம்பத்தெட்டு, தொழில் செராமிக் பொம்மைகளுக்கு முகம் துடைத்துவிடுவது. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் வேகாத பச்சைப் பொம்மையில் அச்சு சேர்ந்த இடத்தில் ஓடும் தையல் கோட்டை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து அழிக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடத்தில் பத்துக் கோடி பொம்மைக்குக் குறையாது.

தங்கச்சி அம்சவல்லி வாசலிலேயே மறித்தாள். "வூட்டுல இருக்குற கவலை பத்தாதுன்னு இது வேறயாண்ணா?"

கவலைக்காகத்தானே வாங்கினேன். அவள் மகள் இளமதிக்கு ஏழரை மாதத்தில் வயிற்றிலேயே பிள்ளை போயிற்று. நல்லூரில் புருஷன் வீட்டிலிருந்து இங்கே வந்து நாற்பத்தைந்து நாள். காலையில் எழுந்து கூடத்துச் சுவரைப் பார்த்து உட்காருவாள். இருட்டும் வரை அதே சுவர். தொட்டியை அந்தச் சுவரை ஒட்டியே வைத்தேன். இனி எதைப் பார்க்கிறாள் என்று பார்ப்போம்.

முதலாளி பொங்கலுக்குக் கொடுத்த டைரி, நாளுக்கு ஒரு பக்கம், தேதி அச்சடித்தது. இதுவரை சும்மா கிடந்தது. இன்றுதான் எழுதத் தகுந்த சம்பவம் நடந்தது.

ஜூன் 5, வியாழன்

மீன் குட்டி போட்டது. கப்பி முட்டை இடாதாம், குட்டியாகவே போடுமாம். கொசுப்புழு அளவு. அதைப் பார்த்து நான் குதித்த குதியில் ஜங்ஷனில் ரயில் நின்றிருக்கும்.

தொட்டியோடு வந்த மோட்டார் ஃபில்டர் ஒரு குட்டியை இழுத்துக்கொண்டது. கண் முன்னால், வாலோடு. இளமதி பார்த்துவிட்டாள்.

"நிறுத்துங்க மாமா, அத நிறுத்துங்க."

நாற்பத்தெட்டு நாளைக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு. இப்படியா வர வேண்டும்?

ஜூன் 6, வெள்ளி

மீன் கடை அஷ்ஃபாக் பாயிடம் மோட்டாரைத் திருப்பிக் கொடுத்து, ராட்சசனை விற்றாயே என்று நீதி கேட்டேன். நாற்பது வயதுக்காரர், அசரவில்லை.

"குஞ்சு இருக்குற தொட்டிக்கு ஸ்பாஞ்சு ஃபில்டர்தாண்ணே. காத்து மோட்டாரு வெளிய இருக்கும், டியூப்புல காத்து போவும், தண்ணி ஸ்பாஞ்சுக்குள்ள பூந்து வரும். ஒண்ணையும் இழுக்காது."

மூன்று வகை எடுத்துப் போட்டார். ஒற்றை, இரட்டை, மூலையில் ஒட்டுவது. விரலால் அழுத்திப் பார்த்து, துளை பொடியாக இருந்த இரட்டையை எடுத்தேன். "ஸ்பாஞ்சு பாக்கத் தெரிஞ்ச கை" என்றார். தெரியாமலா? அதற்குப் பிறகு அதை எப்படிப் பிழிய வேண்டும், எதில் பிழிய வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்பாஞ்சைப் பற்றி எனக்கே பாடமா என்று பாதியில் இறங்கி வந்துவிட்டேன்.

அவர் கடைத் தொட்டியில் ஊறிய பழைய ஸ்பாஞ்சு ஒன்றைப் பிழிந்த கலங்கல் தண்ணீரை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். ஊற்றினால் தொட்டி சீக்கிரம் பழகுமாம். ஊற்றினேன்.

ஜூன் 8, ஞாயிறு

குமிழி மெத்து மெத்தென்று வருகிறது. குட்டிகள் ஸ்பாஞ்சு மேலேயே மேய்கின்றன. இளமதி எண்ணினாள். பத்தொன்பது. ஆயிரத்து எழுநூறு என்று நான் சொன்னதற்கு, "மாமா" என்றாள். அதட்டல்தான். சாப்பாட்டுக்கு இனிப்பு வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

இளமதி தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பாப்பா மொகம் எப்படி இருந்துச்சு மாமா?"

தாய்க்குக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை திருமால் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான்தான் மடியில் வைத்து ஆட்டோவில் மணிமுத்தாற்றங்கரைக்குக் கொண்டுபோனேன்.

"ராணி மாதிரி. தலை நெறைய முடி. உன் மூக்கு. எமனே ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பான்" என்றேன்.

அழுதாள். பிறகு சோறு கேட்டாள்.

நான் துணியைத் திறக்கவே இல்லை. தைரியமில்லை. கனம் மட்டும்தான் தெரியும். ஈரம் காயாத பொம்மை ஒன்றின் கனம்.

ஜூன் 20, வெள்ளி

திருமால் போன் செய்தான். இளமதி இரண்டு நிமிடம் பேசினாள். மீனைப் பற்றி.

ஜூன் 27, வெள்ளி

அம்மாவும் மகளும் பழமலைநாதர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் சமுத்திரமும். ஸ்பாஞ்சைப் பார்த்தேன். பழுப்பு ஏறி, வழவழவென்று, கஞ்சித் துணி மாதிரி. பிள்ளைகள் இதிலா வாய் வைக்கின்றன?

என் தொழிலில் அழுக்கு ஸ்பாஞ்சைவிடப் பெரிய பாவமில்லை. அழுக்கோடு துடைத்தால் பொம்மையில் ஒரு கோடு விழும். பச்சையில் தெரியாது. சூளையில் வெந்து வந்த பிறகுதான் தெரியும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

பிடுங்கி எடுத்துக் குழாயடியில் வைத்தேன். சோப்பு போடவில்லை, அவ்வளவு மடையனில்லை. குழாய் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் வாசனை மூக்கில் ஏற, அரை மணி நேரம் பிழிந்தேன். கன்றுக்குட்டி நாக்கு மாதிரி ஆகிவிட்டது. தொட்டித் தண்ணீரிலும் பாதிக்கு மேல் மாற்றினேன்.

வந்ததும் இளமதி கண்டுகொண்டாள். "பளிச்சுன்னு இருக்குதே?"

"பழமலைநாதர் அங்க ஒனக்குத் துண்ணூறு குடுத்த அதே நேரத்துல இது தானா வெளுத்துடுச்சு."

சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் சிரிப்பு. இதைக் கல்லில் வெட்டி ஊர் நடுவே நட வேண்டும்.

ஜூன் 28, சனி

இளமதி முதன்முறையாகத் தண்ணீரில் விரல் விட்டாள். குட்டிகள் வந்து விரலைக் கொத்தின. "கூசுது" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

மீன்களெல்லாம் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடுகின்றன. பெரிதில் இரண்டு போய்விட்டன.

ஜூலை 1, செவ்வாய்

பதினோரு குட்டிகள் போயின. வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 2, புதன்

பெரிதில் ஒன்றும் இல்லை. குட்டியில் ஒன்று மிச்சம், குமிழிக்குப் பக்கத்தில்.

இளமதி தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நெருப்பில் சுட்ட கையை வைத்துக்கொள்வார்களே, அப்படி. "என் வெரலு பட்டுதான் மாமா. சனிக்கெழம வெச்சேன், திங்கக்கெழம ஆரம்பிச்சிது. எங்கிட்ட எதுவும் தங்காது."

அஷ்ஃபாக் பாயிடம் ஓடினேன். முதல் கேள்வியே, "ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா?"

எப்படித் தெரியும்?

"அந்தப் பழுப்புலதாண்ணே தொட்டிக்கு உசுரே இருக்குது. மீனோட கழிவைத் தின்னுற கண்ணுக்குத் தெரியாத பூச்சி. குழாத் தண்ணி பட்டா செத்துடும், கழிவு வெஷமா ஏறிடும். தொட்டித் தண்ணிய மொண்டு அதுல ரெண்டு பிழி, போதும்னு அன்னிக்கே சொன்னனே."

சொன்னார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

வெந்து வந்த பிறகுதான் தெரிகிறது.

ஜூலை 3, வியாழன்

சொன்னேன். "நாந்தாம்மா கொன்னது. ஸ்பாஞ்சைக் குழாயில கழுவிட்டேன். உன் விரலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. "தானா வெளுத்துச்சின்னு சொன்னீங்க."

"அது வெளையாட்டு."

"இதுவும் எனக்காகச் சொல்ற கதைதான். வுடுங்க மாமா."

பாயை அழைத்துவந்தேன். அவர் மொத்தத்தையும் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டாள். அவர் போனதும், "பாய்க்கும் சொல்லிக் குடுத்துட்டீங்களா?" என்றாள்.

பத்துக் கோடி பொம்மை. ஆயிரத்து எழுநூறு குட்டி. ஊரையே சிரிக்கவைத்த வாய். ஒரே ஒரு நிஜத்தைச் சொன்னால் நம்ப ஆளில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை திருமால் அழைத்துப்போக வருகிறான். அம்சவல்லி அடுப்படியில் நின்று அழுகிறாள். "வரமாட்டேன்னு சொல்லப் போறாளாம்ண்ணா. வேற பொண்ணு கட்டிக்கிங்க, எங்கையில எதுவும் பொழைக்காதுன்னு அவருகிட்டச் சொல்லப் போறாளாம். நீயாவது எதனா சொல்லேன்."

நான் என்ன சொல்ல? சொல்லித்தானே கெட்டது.

ஜூலை 5, சனி

இந்த டைரியில் இருக்கிறது. இருபத்தேழாம் தேதி, குழாயடி, அரை மணி நேரம், எல்லாம். மீன் சாவதற்கு மூன்று நாள் முன்னால் எழுதியது. அவளைத் தேற்றுவதற்காக எழுதியதில்லை என்று யாருக்கும் தெரியும்.

ஆனால் பன்னிரண்டாம் தேதியும் இதில்தான் இருக்கிறது.

அந்த ஒரு தாளைக் கிழித்துவிட்டால்? கையில் பிடித்தும் பார்த்தேன். தேதி அச்சடித்த டைரி. தாளின் பின்பக்கம் பதின்மூன்று. கிழித்தால் பதினொன்றுக்குப் பிறகு பதினான்கு வரும். எதைக் கிழித்தீங்க என்பாள். மிச்சத்தையும் நம்பமாட்டாள். அவளுக்குப் பாப்பா முகம் இல்லாமல் போகட்டுமா, தன் கை இல்லாமல் போகட்டுமா? ஏண்டா கோதண்டபாணி, அந்தத் துணியை ஒருதரம் தெறந்து பாத்திருந்தா இன்னிக்கி இந்த வேதன உண்டா.

கிழிக்கவில்லை. நாளைக் காலையில் கொடுக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கொடுத்தேன். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து படித்தாள். நான் வாசலில் நின்றேன். போகிற வருகிறவர்கள் வணக்கம் சொன்னார்கள். யாருக்கும் ஒரு கதையும் சொல்லத் தோன்றவில்லை.

ஒன்பது மணிக்கு உள்ளேயிருந்து கேட்டாள். "துணியத் தெறக்கவே இல்லியா?"

"இல்லம்மா."

"முடி, மூக்கு, ஒண்ணுமே பாக்கல."

"இல்ல."

டைரியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் அழுத அழுகை மீனுக்கானதில்லை.

மதியம் திருமால் வந்தான். அவனிடம் அவள் சொல்வதாக இருந்ததைச் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து அழைத்துப்போகச் சொன்னாளாம். நான் கூடத்தில் இருந்தால் அவள் சாப்பிட வரமாட்டேன் என்று அம்சவல்லி வந்து சொன்னாள். எழுந்து பொம்மை யூனிட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9, புதன்

மிச்சமிருக்கும் குட்டிக்குத் தினமும் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, வாளியில் இரண்டு நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றுகிறாள். அஷ்ஃபாக் பாயிடம் போனில் கேட்டுக்கொண்டாளாம். அந்தக் கையால்தான் ஊற்றுகிறாள்.

என்னோடு பேச்சில்லை.

ஜூலை 19, சனி

நாளை நல்லூருக்குப் போகிறாள். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன்.

"எங்க?"

"இந்தப் பக்கந்தான். சரியா எந்த எடம்னு தெரியல. வெயில்ல ஒண்ணும் ஞாபகமில்ல."

ஒரு கல்லைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு அவளே திரும்பி நடந்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

போய்விட்டார்கள். தொட்டி திருமால் கொண்டுவந்த மினி வேனில் போயிற்று. ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் போயிட்டு வரேன் சொல்லவில்லை. கூடத்துச் சுவர் காலியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திருமால் போன் செய்தான். பின்னால் காற்று மோட்டார் சத்தம்.

"மாமா, ஸ்பாஞ்சு பழுப்பேறி அடைச்சிருக்குது. தொட்டித் தண்ணியில ரெண்டு பிழி பிழிஞ்சா போதுமான்னு இளமதி ஒங்ககிட்ட கேக்கச் சொல்லுது."

"போதும். குழாயில காட்டக் கூடாது."

அவளிடம் சொன்னான். அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

"நெசமாவான்னு கேக்குது மாமா."

"நெசம்."

அதையும் அவளிடம் சொன்னான்.

"சரின்னுடுச்சு" என்றான். வைத்துவிட்டான்.