முழுக்கைச் சட்டை

பிப்ரவரி 6

என் வாலுக்கு,

உன் போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வக்கீல், வாய்தா, அம்மாவின் அழுகை, இதெல்லாம் எனக்கு இங்கேயே தாராளமாகக் கிடைக்கிறது. ஜெயிலில் இருப்பவளுக்கு ஜெயிலைப் பற்றியே எழுதுகிறாயே, புத்தி எங்கே போயிற்று? என்ன உடுத்தினாய், என்ன பாட்டுக் கேட்டாய், நம் நாய் குண்டன் யாருடைய செருப்பைக் கடித்தான், அதை எழுது. இன்னும் பல வருஷம் இருக்கிறது. அதுவரை எனக்கு அதுதான் சாப்பாடு.

ஒரு நல்ல செய்தி. என்னைத் தையல் பிரிவில் போட்டுவிட்டார்கள். துணியும் அளவும் அனுப்பினால் வீட்டாருக்கும் தைத்துக் கொடுக்கலாமாம். கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிய நீ என்ன அக்கா இல்லாதவளா? அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 19

என் அருமை அக்காவுக்கு,

உத்தரவு, மகாராணி. இனி அழுகைக்குத் தடை.

துணிக்கடையின் கண்ணாடி ஜன்னல் முழுக்க இப்போது என் பொறுப்பு. பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கடைக்கார அம்மாவே சொல்லிவிட்டார். போன வாரம் ஒரு பொம்மைக்குக் கை கழன்று விழுந்துவிட்டது. சால்வை போர்த்தி மறைத்தேன். அன்றைக்கு முதலில் விற்றதே அந்தச் சால்வைதான்! கடுகு மஞ்சளுக்கு ஊதா சேராது என்று யார் சொன்னார்கள்? நேற்று நான் அதைத்தான் உடுத்திக்கொண்டு போனேன். தெருவே திரும்பிப் பார்த்தது. நல்லதற்கா கெட்டதற்கா என்று நான் விசாரிக்கவில்லை.

பாட்டு? காதிலிருந்து கழற்றுவதே இல்லை. பக்கத்து வீட்டு ஓட்டுநர், "ஏம்மா, ஹாரன் அடிச்சு அடிச்சு என் கை வலிக்குது, காதுல என்ன பஞ்சா?" என்று கத்திவிட்டுப் போனார். குண்டன் உன் தையல் மெஷின் மிதியின் மேல்தான் படுக்கிறான். எழுப்பினால் உறுமுகிறான். இடது கால் செருப்பை மட்டும் கடிப்பான், அது என்ன வேண்டுதலோ.

இன்னொன்று. ஒருவர் இருக்கிறார். மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் அம்மாவுக்குச் சால்வை வாங்க வந்தவர், பிறகு சால்வையே வாங்காமல் வர ஆரம்பித்தார். உன் விஷயம் தெரிந்தும் கட்டிக்கொள்கிறேன் என்கிறார். "அக்கா ஜெயில்ல இருந்தா இவளை எவன் கட்டுவான்" என்று தலையில் அடித்துக்கொண்ட அம்மாவுக்கு இப்போது கால் தரையில் படவில்லை.

கல்யாணத்துக்குத் துணி அனுப்பியிருக்கிறேன். கை வேண்டாம், கழுத்து நன்றாக அகலம். அம்மா முறைப்பாள், முறைக்கட்டும்.

உன் வாலு

மார்ச் 3

கல்யாணப் பெண்ணே,

உன் கடிதத்தை எங்கள் அறை முழுக்க வாசித்துக் காட்டினேன். பூட்டு உடைத்து வந்தவள், ஆள் கடத்தி வந்தவள், எல்லோரும் கடுகு மஞ்சளுக்கு ஊதா சேருமா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். சட்டை அனுப்பியிருக்கிறேன். உன் அளவு எனக்கு மனப்பாடம், இருந்தாலும் இடுப்பில் பிரித்துவிட இடம் வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆனால் தடிப்பாய்.

கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு ஒரு மூச்சு அழுதேன், முடிந்தது. அவருக்குக் குண்டனைப் பிடிக்குமா? அதை நீ எழுதவில்லையே.

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். புது வீடு, தலைக்கு மேல் வீட்டு வேலை. கடைக்கு அவரே பைக்கில் விட்டு, அவரே கூட்டிப்போகிறார். நடந்துபோகிற தொல்லை விட்டது. நீ கடிதத்தைக் கடை விலாசத்துக்கே போடு.

நீ தைத்த சட்டையை எல்லோரும் மெச்சினார்கள். அவர்தான், "கடைக்கு வர்றவனெல்லாம் உன் கையைத்தான் பார்ப்பான்" என்றார். அக்கறைதானே. இந்தத் தடவை முழங்கை வரை கை வை. குண்டனின் முடி பட்டால் அவருக்குத் தும்மல் வருகிறது, அதனால் மொட்டை மாடியில் கட்டியிருக்கிறோம். நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வருபவருக்குப் பாட்டுச் சத்தம் தலைவலி. நான் கடையில் பொம்மைகளுக்குப் பாடிக் காட்டுகிறேன். அவை குறை சொல்வதில்லை.

உன் தங்கை

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்கா,

மூன்று துணி அனுப்பியிருக்கிறேன். மூன்றுக்கும் மணிக்கட்டு வரை கை, கழுத்தை மூடிவிடு, காலர் வைத்தால் நல்லது. இப்போது அதுதான் மோஸ்தர். துணி மெல்லியது, உள்ளே தெரியாமல் பார்த்துக்கொள். இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்.

பாட்டு சரியாகக் கேட்க முடியவில்லை. இயர்போனில் இடது பக்கம் போய்விட்டது. புதிது வாங்கினேன், அதிலும் இடது பக்கம் வரவில்லை. எல்லாம் போலிச் சரக்கு. குண்டனைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். சந்தோஷமாக ஓடியாடுகிறானாம்.

உன் தங்கை

செப்டம்பர் 9

என் வாலே,

முதல் இரண்டு சட்டையை முடித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கின்றன என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். மூன்றாவது சட்டையின் கையை மடித்து அடிக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டேன். அப்புறம் என்னால் மிதிக்க முடியவில்லை.

இந்த அளவு ஒரு காலத்தில் நான் எனக்கே வைத்துக்கொண்ட அளவு. முதலில் முழங்கை, பிறகு மணிக்கட்டு, பிறகு கழுத்து. அம்மாவிடம் ஒரு நாள் கையைத் தூக்கிக் காட்டினேன். "ஊரு பார்க்குதுடி, கையை இன்னும் கொஞ்சம் நீட்டித் தச்சுக்கோ" என்றாள். நானே தைத்துக்கொண்டேன். இப்போது உனக்கும் நானே தைக்கிறேன். உள்ளே தெரியக்கூடாது என்று லைனிங் வேறு கொடுத்தேன், பாவி.

இயர்போனில் ஒன்றும் இல்லை. கெட்டுப்போனது உன் காது. எதிரே நின்று வலது கையால் அறைந்தால் இடது காதில்தான் விழும். மறைக்காதே, எனக்குத் தெரியாததா? வெளியே வந்துவிடு. அம்மா வீட்டுக்கு வேண்டாம், கடைக்கார அம்மாவிடம் போ. மூன்றாவது துணியைத் தைக்க மாட்டேன்.

அக்கா

செப்டம்பர் 20

அக்காவுக்கு,

ஆமாம். போதுமா?

குண்டனை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரி குலைத்தான் என்று பைக்கில் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் தெருத் தெருவாகத் தேடினேன். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டதற்குத்தான் காது போயிற்று. போன வாரம் கழுத்தைப் பிடித்தார், கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வா என்கிறாய். வந்தால் விட்டுவிடுவாரா? வீட்டுக்கு வருவார், கடைக்கு வருவார், ஒரு நாள் எனக்கும் பொறுக்காது. நீயும் பொறுக்காமல்தானே இஸ்திரிப் பெட்டியை எடுத்தாய்? அத்தான் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது, அக்கா. அதைப் பார்க்கப் பயந்துதான் விற்றுவிட்டு, துணியை வெளியே தேய்க்கக் கொடுக்கிறேன். இரண்டு பெண்ணையும் கம்பிக்குப் பின்னால் பார்க்க அம்மாவால் முடியாது. உன்னைப் போல ஆகிவிடக்கூடாது என்றுதான் நான் பொறுத்துப் போகிறேன்.

இனிமேல் எழுதாதே. உன் கடிதம் வந்த அன்றைக்குப் பொம்மைக்குப் பொத்தானையே மாற்றிப் போட்டு வைத்தேன். சட்டை நான் கடையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை

அக்டோபர் 1

என் வாலுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், இதற்கப்புறம் தொந்தரவு இல்லை.

உன் கடிதங்களை எல்லாம் இங்கே வரும் பெண்கள் நல அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய். அவரும் ஒரு பெண் போலீசும் வருகிற வியாழக்கிழமை காலையில் கடைக்கு வருவார்கள். வீட்டுக்கு வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தங்க இடம் இருக்கிறது, அங்கே அவனால் வரமுடியாது. "தவறிப் போயி மாடிப்படியில விழுந்தேன்" என்று சொல்லிவிடாதே, அதை நான் சொல்லி இருக்கிறேன், யாரும் மறுபடி கேட்கவில்லை. கையை மேலே சுருட்டிக் காட்டு.

அம்மா இனி என் முகத்தில் விழிக்க மாட்டாள். இருந்த ஒரு மகளின் வாழ்க்கையையும் கெடுத்துவிட்டேன் என்பாள். நீயும் பேசமாட்டாய், தெரியும். இங்கே திங்கட்கிழமைதான் கடிதம் கொடுப்பார்கள், இனி அன்றைக்கு நான் மெஷினைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு யாராவது இதைச் செய்திருந்தால், நானும் அவர்களைத் திட்டித் தீர்த்திருப்பேன், உன் அத்தானும் உயிரோடு இருந்திருப்பார்.

என்மேல் கோபமாகவே இரு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு. உயிரோடு இருந்து கோபப்படு.

அக்கா