ஒல்லிக்குச்சிக்கும் வரும் சர்க்கரை

லாத்தா,

கோவில்பட்டி தாலுகாவிலேயே சர்க்கரை நெருங்கப் பயப்படும் ஒரே உடம்பு என்னுடையதுதான்.

வாப்பாவுக்கும் உனக்கும் வந்திருப்பது, ஒல்லியான ஆட்களையும் இளவயசிலேயே பிடிக்கும் பரம்பரைச் சர்க்கரை, பேரு எம்.ஓ.டி.ஒய்.ன்னு டாக்டர் சொன்னாராம். நேத்து நீ "நீயும் டெஸ்ட் எடுலே"ன்னு கெஞ்சினப்போ, "வாப்பா சொத்துல எனக்குப் பங்கே வேண்டாம்"னு நான் சிரிச்சிருக்கக் கூடாது. நீ பாதிச் சோத்துல எந்திரிச்சதும் சரியில்ல.

சாயங்காலம் மாமி உன் சுகரை விசாரிக்க வாராவ, கையில கடம்பூர் போளியோட! வாப்பா கண்ணுல படாம ஒளிச்சு வை. அலமாரிச் சாவி ஜன்னல்ல இருக்கு.

உன் தம்பி ரிஸ்வான்

பி.கு.: என் இட்லியை மூடி வை, வந்து தின்னுக்கிடுதேன். லேப்ல வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காவ. பயமெல்லாம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல கொஞ்ச நேரம் சும்மா நிப்பேன். நீ வந்தா சேர்ந்து போவோம்.